கருங்கல்காரியின் ரீஸ்லிங்

ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த பழைய ஒயினில் மண்ணெண்ணெய் மணக்கும். ஒயின் கெட்டுப்போனால் வரும் வாசனை என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாக முதிர்ந்தால்தான் அது வரும். பத்துப் பதினைந்து ஆண்டு சீசாவுக்குள் கிடந்த, ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங்கைத் திறந்து கிளாஸில் ஊற்றினால் முதலில் எழுவது அந்த மணம்தான். திராட்சைத் தோலில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் உடைந்து, காலம் போகப்போக டி.டி.என். என்ற பொருளாக மாறுகின்றன. வெயில் நன்றாகப் பட்ட பழத்தில் அது கூடுதல். ஐந்து நிமிடம் பொறுத்தால் மண்ணெண்ணெய் விலகி, தேன், எலுமிச்சைத் தோல், உலர்ந்த ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக வரும். ஜெர்மனியில் ஒயின் சுவைக்கும் ஒரு கூட்டத்தில் எல்லோரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது நான் சட்டென்று சொல்லிவிட்டேன். ரேஷன் கடை வரிசையில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எதற்கு?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. நர்ஸிங் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போய், மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ட்ரியர் நகரத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவள். எனக்கு ஒயின் பிடிக்கும். இதை ஒரு பெண் நம்மூரில் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நொடி அமைதியாகிவிடுகிறார்கள். அந்த அமைதிக்கான காரணமும் எனக்குத் தெரியும். குடியால் ஈரல் கெட்டுப் படுத்தவர்களை இரண்டு நாட்டு வார்டுகளிலும் பார்த்திருக்கிறேன். குடிக்காதவர் யாரையும் தொடங்கச் சொல்லி இதை எழுதவில்லை. நூறு மில்லியை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, யார் வளர்த்தார்கள், அந்த ஆண்டு மழை எப்படி என்று யோசிப்பதுதான் எனக்குப் பிடித்தது.

இதைக் கற்றுத்தந்தது ஒரு நோயாளி. எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கொடி வளர்த்தவர், இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்திருந்தார். மகள் பார்க்க வந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு துண்டு சிலேட்டுக்கல்லை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

“சிஸ்டர், இதுல கொஞ்சம் தண்ணி விட்டு மோந்து பாருங்க.”

மோந்தேன். கோடை வெயிலில் காய்ந்த பாறைமேல் முதல் மழை விழுந்ததும் எழும் மணம்.

“எங்க ஒயினைக் குடிக்கும்போது இதை நினைச்சுக்குங்க” என்றார்.

கல்லின் சுவை அப்படியே வேர் வழியாகப் பழத்துக்கு ஏறிவிடாது என்று நிலவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அது சரியென்றே நானும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கல் இல்லாமல் அந்த ஒயின் இல்லை. கன்னியாகுமரி எட்டாவது டிகிரியில் இருக்கிறது, ட்ரியர் ஏறக்குறைய ஐம்பதாவது டிகிரியில். அவ்வளவு வடக்கே திராட்சை பழுக்க வேண்டுமென்றால் வெயிலைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். அதனால் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவில் கொடி நடுகிறார்கள். கறுத்த சிலேட்டு பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும், கீழே ஆறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டிதான் ஆளையும் பழத்தையும் சுமக்கிறது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள். மழையில் கீழே சரிந்த கல்லை முற்காலத்தில் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

அறுவடைக்கு விடுமுறை நாட்களில் நானும் போயிருக்கிறேன். அக்டோபர் குளிரில் விரல் மரத்துப்போகும், ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டா ஞாபகம் வரும்.

பாட்டா பனையேறி. காலையில் இறக்கிய அக்கானியில், அதாவது பதநீரில், ஒரு மடக்கு குடித்ததுமே எந்த விளையில் நின்ற பனை என்று சொல்லிவிடுவார். செம்மண் விளைப் பனையில் இனிப்பு கெட்டியாக இருக்கும், வயக்கரைப் பனையில் தண்ணி கூடும் என்பார். கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு தடவினார்கள் என்றும் அவர் நாக்குக்குத் தெரியும். கொஞ்சம் குறைந்தால் வெயில் ஏறுமுன் நுரைக்கத் தொடங்கிவிடும், கூடினால் தொண்டையில் காரும். நுரைக்கச் செய்வது பாளையிலும் காற்றிலும் இருக்கும் காட்டு ஈஸ்ட். மோசலின் பழைய நிலவறைகளில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும் மரப்பீப்பாய்களில் இன்றும் சிலர் ஈஸ்ட் சேர்க்காமல், அங்கே தானாக வாழும் ஈஸ்டை நம்பித்தான் சாற்றைப் புளிக்க விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. எங்கள் குடும்பத்தில் பாட்டாவோடு பனையேற்றம் நின்றது. அவர் நாக்கில் இருந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மோசல்காரர்கள் எழுதி வைத்தார்கள். எந்தச் சரிவு, எந்த ஆண்டு, எப்போது பறித்தது என்று எல்லாம் சீசாவின் மேலேயே இருக்கிறது.

என் தொழிலுக்கும் ஒயினுக்கும் உள்ள பழைய உறவு எனக்கு மிகவும் பிடித்த கதை. ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்காக மருத்துவமனைகளே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தன. ரீஸ்லிங் என்ற திராட்சையின் பெயர் முதன்முதலில் பதிவானது 1435-இல், ரைன் நதிப் பக்கத்து ஒரு பிரபுவின் கணக்குப் புத்தகத்தில். அடுத்து வரும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1464-இல் ட்ரியரில் இருந்த புனித யாக்கோபு மருத்துவமனை ரீஸ்லிங் கொடிகள் வாங்கிய கணக்கு. நெப்போலியன் காலத்தில் நகரத்தின் பழைய மருத்துவமனைகளையெல்லாம் ஒன்றாக இணைத்தார்கள். ஃபெரைனிக்டே ஹோஸ்பிட்ஸியன் என்ற அந்த நிறுவனத்துக்கு இன்றும் சொந்தமாகத் தோட்டம் இருக்கிறது, ரோமானியர் காலத்து நிலவறையும் இருக்கிறது. பிரான்ஸில் பர்கண்டியின் போன் நகரத்தில் 1443-இல் நிக்கோலா ரோலன் என்ற அமைச்சர் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார். பலர் அதற்குத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். 1859 முதல் அந்தத் தோட்டங்களின் ஒயினை நவம்பர் மாதத்தில் ஏலம் விடுகிறார்கள், பணம் மருத்துவப் பணிக்குப் போகிறது. மருந்து மாத்திரை வருவதற்கு முன்பு நோயாளிக்குத் தெம்புக்குக் கொடுத்ததும் புண்ணைக் கழுவியதும் ஒயின்தான்.

மோசல் கரையிலுள்ள பெர்ன்காஸ்டலில் ‘டாக்டர்’ என்றே ஒரு தோட்டம் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் ட்ரியர் பேராயர் இரண்டாம் போமுண்ட் காய்ச்சலில் கிடந்தாராம். வைத்தியர்கள் கைவிட்ட பிறகு அந்தச் சரிவின் ஒயினைக் குடித்து எழுந்தாராம். புராணம்தான். ஆனால் அந்தக் கதையை மூன்று ஹெக்டேர் சொச்சமே இருக்கும் ஒரு சரிவு அறுநூறு ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. ஜெர்மனியின் மிக விலையுயர்ந்த தோட்ட நிலங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வேலன் ஊருக்கு எதிர்ச் சரிவில், பாறையில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம் வரைந்திருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நேரம் தெரிவதற்காக 1842-இல் யோடோக்கஸ் ப்ரூம் என்பவர் அமைத்தது. அதைச் சுற்றியுள்ள சரிவின் ஒயின் எனக்கு ‘டாக்டரை’ விடவும் ஒரு படி மேல். அதில் எடை குறைவு, ஒளி அதிகம். இதை விட நன்றாகச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அழகான கதைகள் மட்டும் சொல்லிப் போனால் அந்த ஆற்றுக்கு நியாயம் செய்ததாகாது. ட்ரியரில் 1818-இல் பிறந்தவர் கார்ல் மார்க்ஸ். 1843 ஜனவரியில் ரைனிஷ் சைட்டுங் பத்திரிகையில் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி அவர் எழுதினார். விலை விழுந்து, வரி ஏறி, கொடியை விட்டால் வேறு எதுவும் விளையாத சரிவில் அவர்கள் தவித்த காலம் அது. மார்ச் கடைசியோடு அந்தப் பத்திரிகையைத் தடை செய்துவிட்டார்கள். நம் பக்கம் மேடைகளில் மார்க்ஸ் பெயரைக் கேட்டு வளர்ந்தேன். பொருளாதாரப் பிரச்சினைகள் பக்கம் அவரைத் திருப்பியவற்றில் இந்தத் திராட்சைக்காரர்களின் பாடும் ஒன்று என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். கறுத்த கல்லில் நின்று பறிக்கும்போது அது நினைவில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு வந்தது பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு ஃபைலாக்சரா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பேன் 1860-களில் பிரான்ஸில் இறங்கி வேரைத் தின்னத் தொடங்கியது. 1868-இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் கூட இருந்தவர்களும் வேரைத் தோண்டிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டார்கள். மருந்தெல்லாம் அடித்துத் தோற்று, கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். அந்த வேர் பூச்சியைத் தாங்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் நாற்றங்காலில் மொட்டு ஒட்டுக்கட்டும் கைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இன்று உலகத்தில் பெரும்பாலான ஒயின் கொடிகள் இரண்டு கண்டங்களின் ஒட்டு. மோசலில் மட்டும் சில சரிவுகளில் ஒட்டில்லாமல் சொந்த வேரில் நிற்கும் கிழட்டுக் கொடிகள் இன்னும் இருக்கின்றன. சிலேட்டில் அந்தப் பூச்சி சரியாகப் பெருக முடியவில்லை. அப்படி ஒரு கொடியின் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

பூச்சியோடு பூஞ்சையும் வந்தது. போர்டோ அருகே மெடோக் பகுதியில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் துரிசு என்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். நீலமாகக் கிடந்தால் யார் தின்பார்கள்? அந்த வரிசைகளில் மட்டும் இலை உதிராமலிருந்ததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, ஆராய்ந்து, 1885-இல் வெளியிட்டார். நம் மாவட்டத்தில் ரப்பருக்கும் நல்லமிளகுக் கொடிக்கும் மழைக்கு முன் தெளிக்கும் போர்டோ கலவை அதுதான். திற்பரப்புப் பக்கம் துரிசு கரைக்கிற யாரைக் கேட்டாலும் அளவு சொல்வார்கள். மெடோக்கின் விவசாயியும் நம்மாளும் ஒரே வாளியில் கலக்குகிறார்கள்.

இனிப்பைப் பற்றிக் கொஞ்சம். மோசல் ஒயினைப் பழம் பறிக்கும்போது எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதை வைத்துத் தரம் பிரிப்பார்கள். கபினெட் இலேசானது, எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹால்தான் பெரும்பாலும். ஷ்பேட்லேஸ தாமதித்துப் பறித்தது. அவுஸ்லேஸ பொறுக்கி எடுத்தது. அதற்கும் மேலே போனால், ஆற்று மூடுபனியில் வரும் ஒரு பூஞ்சை பழத்தின் தண்ணீரை வற்றவைத்து, உலர்ந்த மணிமணியாக ஆக்கிவிடும். அதைப் பிழிந்தால் தேன். இந்த இனிப்பு திகட்டாமலிருக்கக் காரணம் ரீஸ்லிங்கின் புளிப்பு. புளிப்பு இல்லாத இனிப்பு ஒயினை நான் தொடுவதில்லை.

ஐஸ்வைன் என்று ஒன்று இருக்கிறது. கொடியிலேயே பழத்தை விட்டுவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்காவது குளிர் இறங்கும் இரவில் உறைந்த பழத்தைப் பறித்து உடனே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகப் பிழிபொறியிலேயே தங்கிவிடும், சாறு மட்டும் கெட்டியாக இறங்கும். 2019-ஆம் ஆண்டுப் பழத்துக்கு அந்தக் குளிர் வரவேயில்லை. ஜெர்மனி முழுவதிலும் அந்த ஆண்டு ஐஸ்வைன் கைகூடவில்லை. நம் பக்கம் பருவமழை தள்ளிப்போவதைப் பற்றிப் பேசுகிறவர்களின் முகத்தில் காணும் அதே கவலையை, குளிர் வராததற்காக அங்கே கண்டேன்.

ஒயினை விவரிக்கும் புத்தகங்கள் எனக்குத் தொடக்கத்தில் உதவவில்லை. அவற்றில் வரும் ஐரோப்பியக் கூஸ்பெர்ரியை நான் தின்று வளரவில்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் சொந்த மணங்களை எழுதத் தொடங்கினேன். இளம் கபினெட்டுக்கு ‘கிளிமூக்கு மாங்காய்த் தோல்’. கெவுர்ட்ஸ்டிராமினர் என்ற ஆல்சாஸ் ஒயினுக்கு ‘சாம்பக்காய்’, அந்தப் பன்னீர் மணம் அப்படியே இருக்கும். ஷெனான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் இனிப்பில்லாத ஒயின் ஒன்றுக்கு ‘நன்கு பழுத்த கொல்லாம்பழம், தொண்டைக் காரல் இல்லாமல்’. சிரா என்ற சிவப்புத் திராட்சைக்கு எதையும் தேடவே வேண்டியிருக்கவில்லை: நல்லமிளகு. அது கற்பனையும் இல்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிராவின் அந்த மணத்துக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள் என்று கண்டுபிடித்தார்கள். நல்லமிளகில் இருப்பதும் அதுவே. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதை மோக்கவே முடியாதாம். எனக்கு முடிகிறது, அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் கிராம்பு மணக்கக் காரணம், வாட்டிய ஓக் மரத்திலிருந்து வரும் யூஜினால். கிராம்பின் மணமும் அதனால்தான். நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பை உள்ளங்கையில் நசுக்கி மோந்தவர்களுக்கு ஒயின் எந்த விதத்திலும் அந்நியமில்லை. 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய கிராம்பு அது. நம் மட்டி வாழைப்பழத்துக்கும் 2023-இல் கிடைத்தது. எந்த மண்ணில் விளைந்தது என்பதைப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை பர்கண்டிக்காரர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்றில்லை, நம் சந்தையில் மட்டிக்குலை வாங்குகிறவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

கொடியையும் இங்கே வளர்த்துப் பார்க்கிறேன். தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரிலிருந்து வாங்கி வந்த பன்னீர்த் திராட்சை, முறையான பெயர் மஸ்கட் ஹாம்பர்க். முற்றத்துப் பந்தலில் படர்ந்திருக்கிறது. இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் காய்ப்பது கொஞ்சம்தான், இலையில் பூஞ்சைதான் அதிகம். மோசலில் கொடி குளிரில் உறங்கும், வசந்தத்தில் வெட்டிய நுனியிலிருந்து நீர் சொட்டும். இங்கே அதற்கு உறக்கமே கிடையாது, கவாத்துக் கத்திதான் அதற்குக் குளிர்காலம். நாசிக்கிலும் அப்படித்தான் ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டி, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை செய்கிறார்கள். நாசிக்கின் ஷெனான் பிளாங்க் நல்ல ஒயின். இந்திய ஒயின் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அதைக் குளிரவைத்து ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும்.

சாப்பாட்டோடு சேர்ப்பதில் என் தீர்ப்பு உறுதியானது. நம் மீனுக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம். அதிலுள்ள துவர்ப்பு மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும், மீனெண்ணெயோடு சேர்ந்தால் வாயில் இரும்பு மணக்கும். சாளைப் புளிமுளத்துக்கும் மரச்சீனிக்கும் சற்று இனிப்புள்ள ஷ்பேட்லேஸ. இனிப்பு காரத்தை அணைக்கும், ஒயினின் புளிப்பு குழம்புப் புளிக்குத் தோள் கொடுக்கும், ஆல்கஹால் குறைவென்பதால் நாக்கு எரியாது. நெத்திலி அவியலில் தேங்காயும் மாங்காயும் இருப்பதால் அதற்குக் கபினெட். மாட்டிறைச்சியை நல்லமிளகு தூக்கலாகப் போட்டு வரட்டினால் அப்போது சிராவைத் திறக்கலாம்.

நம் வெப்பத்தில் ஒயினை அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் வெந்துவிடும். எனக்கென்று ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி 12 டிகிரியில் வைத்திருக்கிறேன். மின்சாரம் போனால் கதவைத் திறக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கவரி இல்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம், அதாவது முக்கால் லிட்டர் சீசா இரண்டு. கிறிஸ்துமஸுக்கு மகன் வருகிறான். “என்னம்மா வேணும்?” என்று கேட்டான். வேலன் சூரியக் கடிகாரச் சரிவின் ஷ்பேட்லேஸ ஒன்று, ட்ரியர் மருத்துவமனைத் தோட்டத்தின் கபினெட் ஒன்று. “ஸ்வெட்டருக்கு நடுவுல சுத்தி வை மக்களே, வந்ததும் திறக்கப்பிடாது, ரெண்டு வாரம் அசையாம கிடக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறேன். சாளை மட்டும் அப்போது கிடைக்க வேண்டும்.